காட்டை வாங்கிய அம்மா

கோடை விடுமுறையில் சாரணர் முகாமுக்குப் போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? கூடாரம் அடிப்பது, ஓடையில் குளிப்பது, விறகு பொறுக்கிச் சமைப்பது, இரவில் தீயைச் சுற்றி அமர்ந்து பாடுவது... வயதானாலும் மறக்காத நாட்கள் அவை! உலகின் முதல் சாரணர் முகாமை, 1907ம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் பேடன் பவல் நடத்தினார். அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, நம் திருநெல்வேலிச் சீமையில் ஒரு பெண்மணி, தம் குழந்தைகள் கோடையைக் கழிப்பதற்காக மலைக்காட்டில் ஓர் இடத்தையே விலைக்கு வாங்கினார். அவர் பெயர் ஏமி கார்மைக்கேல்.

அயர்லாந்தின் வடக்கே, மில்லைல் என்ற கடலோரக் கிராமத்தில் 1867 டிசம்பர் 16ல் பிறந்தார் ஏமி. உடன்பிறந்தவர்கள் ஆறு பேர். இவர்தான் மூத்தவர். அப்பாவுக்கு மாவு ஆலை இருந்தது.

படு சுட்டி ஏமி! தம்பிகளோடு கூரைச் சன்னல் வழியாக வீட்டின் மேலேறி நடந்தது உண்டு. ஒருமுறை, பாட்டி ஊரில் தம்பிகளோடு படகில் போனபோது, நீரோட்டம் படகைக் கடலை நோக்கி இழுத்தது. பயந்துபோன பிள்ளைகள் உரக்கப் பாட, அதைக் கேட்டவர்கள் விரைந்து வந்து காப்பாற்றினர்.

மூன்று வயதில் ஏமிக்கு ஒரு வருத்தம். அம்மாவுக்கு நீலக் கண்கள். தனக்கோ பழுப்புக் கண்கள். ஒருநாள் இரவு நீலக் கண் வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தூங்கினாள். காலையில் கண்ணாடியைப் பார்த்தால், அதே பழுப்புக் கண்கள்! இந்தக் கண்கள் எதற்கு உதவும் என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

ஏமிக்கு 17 வயதானபோது அப்பா இறந்தார். குடும்பம் சிரமப்பட்டது. பின்னர் சமயப் பணிக்காக 1895ல் இந்தியா வந்தார் ஏமி. அடுத்த ஆண்டு திருநெல்வேலிப் பகுதிக்கு வந்து தமிழ் கற்றார். சேலை கட்டினார். கிராமம் கிராமமாக மாட்டு வண்டியில் போனார்.

1901 மார்ச்சில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பியோடி வந்து அவரிடம் அடைக்கலம் கேட்டாள். அவள் பெயர் பிரீனா. அந்தக் காலத்தில் சில சிறுமிகளைக் கோவிலுக்கு என்று ஒப்படைத்துவிடும் வழக்கம் இருந்தது. அவர்களுக்குத் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. இந்த வழக்கத்துக்கு எதிராக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் போராடினர். 1947ல்தான் சென்னை மாகாணத்தில் இது சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

பிரீனாவைத் திருப்பி அனுப்ப ஏமிக்கு மனம் வரவில்லை. அவளைப் போன்ற குழந்தைகளைத் தேடிப் போகத் தொடங்கினார். சேலை கட்டிய அவரை, பழுப்புக் கண்கள் வெள்ளைக்காரப் பெண் என்று காட்டிக் கொடுக்கவில்லை! சின்ன வயதில் கேட்ட நீலக் கண்கள் கிடைத்திருந்தால், பார்த்தவுடனே அடையாளம் தெரிந்திருக்கும். இந்த வேலையில் வழக்குகளும் வந்தன. சிறைக்குப் போகும் ஆபத்தும் வந்தது. ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை.

களக்காட்டை அடுத்த டோனாவூரில் இல்லம் வளர்ந்தது. டோனா என்ற ஐரோப்பியப் பிரபு தந்த நன்கொடையால் உருவான ஊர் அது. சில ஆண்டுகளிலேயே நூற்றுக்கும் அதிகமான குழந்தைகள் சேர்ந்தனர். எல்லாருக்கும் அவர் அம்மா. 1918 முதல் ஆண் குழந்தைகளும் வந்தனர்.

கோடை வந்தால் டோனாவூர் வெயில் தாங்க முடியாது. வெள்ளைக்காரர்கள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய்விடுவார்கள். இத்தனை குழந்தைகளை அவ்வளவு தூரம் அழைத்துப் போவது எப்படி? கண்ணெதிரே நின்ற மேற்குத் தொடர்ச்சி மலையை நிமிர்ந்து பார்த்தார் ஏமி. அங்கே ஓடை பாயும் ஒரு காட்டுப் பகுதியை 1917ல் வாங்கினார். கட்டடம் எழும்பியது. அதுதான் குழந்தைகளின் காட்டு வீடு.

தாமிரபரணி பிறக்கும் பொதிகையும் இதே மலைத்தொடரில்தான் இருக்கிறது. சிங்கவால் குரங்கும், கருமந்தியும், மலை அணிலும் வாழும் காடு இது. இன்று இந்த மலைகளின் பெரும்பகுதி, களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகமாக இருக்கிறது.

காட்டு வீட்டில் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான்! பாறைகளுக்கு நடுவே தேங்கிய குளிர்ந்த தண்ணீரில் நீந்தினர். ஐம்பது வயதை எட்டியிருந்த ஏமியும் அவர்களோடு தண்ணீரில் குதித்தார். பறவைகளையும் பூக்களையும் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தனர். வேண்டாத குழந்தைகள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கும் சந்தோஷமான விடுமுறை வேண்டும் என்பது அவரது எண்ணம். சோறும் துணியும் மட்டும் தந்தால் போதாது என்று அவர் நம்பினார்.

1919ல் ஆங்கில அரசு கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அளித்தது. பதக்கம் வழங்கும் விழாவுக்கு அவர் போகவில்லை.

1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனபோது, இருட்டில் குழியில் விழுந்து ஏமியின் கால் முறிந்தது. அதன் பிறகு உடல்நலம் தேறவே இல்லை. ஏறக்குறைய 20 ஆண்டுகள் அறையிலேயே கழிந்தன. மலை ஏறிய கால்கள் ஓய்ந்தாலும் கை ஓயவில்லை. படுக்கையில் இருந்தபடியே புத்தகங்களும், கடிதங்களும் எழுதினார்.

இந்தியா வந்தபின் ஒருமுறைகூட அவர் தாய்நாடு திரும்பவில்லை. 55 ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்து, 1951 ஜனவரி 18ல் டோனாவூரில் காலமானார்.

தன் கல்லறையில் கல் நாட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தார் ஏமி. அதனால், பறவைகள் குளிக்க ஒரு தண்ணீர்த் தொட்டியை அங்கே வைத்தனர் பிள்ளைகள். அதில் ஒரே ஒரு சொல்லை மட்டும் பொறித்தனர். அது, அவர்கள் தினமும் அவரைக் கூப்பிட்ட சொல்: அம்மா!