சலரோகமும் சிவானந்த சுவாமிகளும்

பொருநை பாயும் திருநெல்வேலிச் சீமையிலே, கோரைப் பாய்க்குப் பேர்போன ஊர் பத்தமடை. (நம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியென மாணவர் மயங்கற்க, இது தமிழகத்தது.) அவ்வூரில் 1887ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆம் நாள் பிறந்த குப்புசாமியே பிற்காலத்தில் ரிஷிகேசத்துச் சிவானந்த சுவாமிகள் என உலகறிய விளங்கினார். அன்னாரின் வேதாந்த நூல்களை அறிந்தோர் நம்மிடையே பலர். அவர் வைத்தியராயிருந்தவர் என்பதையும், சலரோகத்தோடு வாழ்ந்தவர் என்பதையும் அறிந்தோர் சிலரே. அதுபற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

தஞ்சையில் வைத்தியம் பயின்ற குப்புசாமி, 1909இல் மருத்துவ சஞ்சிகையொன்றைத் தொடங்கி நடத்தினார். 1913இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். நம் பாட்டன்மார் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்க்கச் சென்ற அதே மலாயாதான். சிரம்பானுக்கு அண்மையில் தோட்ட ஆசுபத்திரியொன்றிலும், பின்னர் ஜொகூரிலும் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நோயாளரைப் பார்த்தார். ரொறன்ரோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்போர் இன்சுலினைக் கண்டறிந்தது 1921இல். நோயாளிக்கு அது முதன்முதல் ஏற்றப்பட்டது 1922இல். ஆகவே அவர் மலாயாவிற் கழித்த காலத்தின் பெரும்பகுதியிலும் சலரோகிக்கு வைத்தியர் சொல்லக்கூடியது பெரும்பாலும் உணவுக் கட்டுப்பாடு ஒன்றே.

1923இல் தாயகம் மீண்டார். 1924 ஜூன் 1ஆம் நாள் ரிஷிகேசத்தில் விசுவானந்த சரசுவதியிடம் துறவு பெற்றார். வீட்டைத் துறந்தார்; மருந்துப் பெட்டியைத் துறந்தாரல்லர். 1927இல் இலட்சுமண் ஜூலாவில் யாத்திரிகருக்கெனத் தரும வைத்தியசாலை அமைத்தார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். 1950இற் பாரதம் முழுவதும் சுற்றிய யாத்திரையில் நம் இலங்கைக்கும் எழுந்தருளினார்.

ஆசனங்களைச் சாதாரண மக்களும் விளங்கிச் செய்யுமாறு எளிய நடையில் எழுதியது அவர் செய்த பெருந்தொண்டு. பச்சிமோத்தானாசனம் ஈரல், சிறுநீரகம், கணையம் ஆகியவற்றைத் தூண்டும் என்பது அவர் கருத்து. கணையம் அவ்வாறு தூண்டப்படுகிறதா என்பதில் எனக்கு ஐயமுண்டு. ஆயினும் பயன் வேறு வழியால் வருகின்றது. நடுவயதில் வரும் இரண்டாம் வகைச் சலரோகத்தில் இன்சுலின் சுரந்தும் தசைகள் அதற்கு இணங்குவதில்லை. உழைக்கும் தசையோ இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே இரத்தத்துச் சீனியை இழுத்துக்கொள்ளும். மனக்கலக்கம் மிகுந்தால் கோட்டிசோல் முதலிய சுரப்புகள் சீனியை ஏற்றும்; பிராணாயாமமும் சவாசனமும் அக்கலக்கத்தைத் தணிக்கும். மருந்தோடு யோகமும் செய்வோருக்குச் சீனி மேலும் ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

மருந்தோடு என்ற சொல்லை ஊன்றிக் கூறுகின்றேன். நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்த என் சித்தப்பா ஆசனம் பழகி மூன்றாம் மாதம் சீனி குறைந்ததும் குளிசைகளை எறிந்துவிட்டார். தோட்டத்து இதரைக் குலைகளுக்கும் தடையில்லாமற் போயிற்று. மறு ஆண்டு காலிற் புண் வந்து இரண்டு விரல்களை இழந்தார். யோகத்தை அவர் குறைகூறவில்லை. தன்னையே நொந்துகொண்டார்.

சிவானந்தருக்கோ பிற்காலத்திற் சலரோகமும் இடுப்புவலியும் உற்ற துணைகளாயின. யோகியென உலகம் போற்றிய அவர், தமக்கு நோயில்லையெனக் காட்டிக்கொள்ளவில்லை. வைத்தியர் கொடுத்த மருந்தை வெறுக்கவுமில்லை. இதனை அவர்தம் பெருமைக்கு இழுக்கென்பாரும் உளர். யானோ அவர் வரலாற்றில் மிக விரும்பிப் படிப்பது இப்பகுதியையே.

இன்னுமொன்று. அவர் பெரிதும் போற்றிய சிரசாசனம், சலரோகத்தாற் கண்ணின் விழித்திரை பழுதுற்றோருக்கு ஆகாது. இன்சுலின் ஏற்றுவோர் வெறுவயிற்றில் நெடுநேரம் ஆசனம் செய்தாற் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். பழைய மாணவரில் ஐம்பதைக் கடந்தோர் தம் வைத்தியரைக் கேட்டே பாயை விரிப்பாராக.

சுவாமிகள் 1963 ஜூலை 14ஆம் நாள் கங்கைக் கரையிற் சமாதியடைந்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து.