லூர்து மாதாவைப் பார்த்ததாகச் சொன்ன 14 வயதுச் சிறுமி: யார் இந்த பெர்னதெத்?

ஸ்கூலில் ஓர் அமலோற்பவம் டீச்சர், ஆபீஸில் ஒரு லூர்து மேரி என உங்களுக்கும் யாரையாவது தெரிந்திருக்கும். புதுச்சேரி பக்கத்தில் வில்லியனூர் லூர்து மாதா கோயிலுக்கு நீங்களே போயிருக்கலாம். இந்த இரண்டு பெயர்களும் சந்திக்கிற இடம், பிரான்ஸில் பிரனீஸ் மலையடிவாரத்தில் இருக்கும் லூர்து என்ற சின்ன ஊர். 1858-ல் அங்கே ஒரு ஏழைப் பெண் சொன்னதை உலகம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

பெர்னதெத் சூபிரூ 1844 ஜனவரி 7 அன்று பிறந்தார். அப்பா மாவு மில் நடத்தினார். தொழில் நொடித்து, மில் கையைவிட்டுப் போனது. காலரா வந்து பிழைத்த பெர்னதெத்துக்கு ஆஸ்துமா ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டது. குடும்பம் கடைசியில் ஒதுங்கியது, சிறையாக இருந்து கைவிடப்பட்ட ஓர் ஒற்றை அறையில். மாவு திருடியதாகச் சந்தேகப்பட்டு அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனதும் நடந்தது. 14 வயதிலும் பெர்னதெத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிரெஞ்சும் வராது, வட்டார மொழிதான்.

1858 பிப்ரவரி 11 அன்று தங்கையோடும் தோழியோடும் விறகு பொறுக்கப் போனபோது, மசபியேல் குகையில் வெள்ளை உடுத்திய ஓர் இளம்பெண்ணைப் பார்த்ததாகச் சொன்னார். கூட வந்த இருவருக்கும் எதுவும் தெரியவில்லை. ஜூலை 16 வரை மொத்தம் 18 முறை அப்படிப் பார்த்ததாகச் சொன்னார். ஒன்றைக் கவனியுங்க: அது மாதா என்று ஆரம்பத்தில் அவர் சொல்லவே இல்லை. வட்டார மொழியில் வெறுமனே அது என்றுதான் குறிப்பிட்டார்.

பிப்ரவரி 25 அன்று, ஊற்றில் குடிக்கும்படி தனக்குச் சொல்லப்பட்டதாகக் கூறி, குகைத் தரையைக் கையால் தோண்டிச் சேற்றுத் தண்ணீரைக் குடித்தார். முகமெல்லாம் சேறு. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் பைத்தியம் என்றது. அங்கே சுரந்த தண்ணீரைத்தான் இன்று பாட்டில் பாட்டிலாகப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

பங்குச்சாமியார் பெய்ரமால் லேசில் நம்பவில்லை. பெயரைக் கேட்டு வா என்று அனுப்பினார். மார்ச் 25 அன்று கிடைத்த பதில், அமல உற்பவம். அதாவது, மரியா ஜென்மப் பாவம் இல்லாமல் கருவானவர் என்ற நம்பிக்கை. போப் ஒன்பதாம் பயஸ் 1854-ல்தான் அதைத் திருச்சபையின் கோட்பாடாக அறிவித்திருந்தார். மறந்துவிடக் கூடாதே என்று அர்த்தம் புரியாத அந்த வார்த்தையை வழியெல்லாம் முணுமுணுத்தபடி வந்தாராம் பெர்னதெத். நாலு வருஷமாக கோயில்களில் பேசப்பட்ட வார்த்தை அவர் காதில் ஒரு தடவைகூட விழாமலா இருந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் பொய் சொல்லிச் சம்பாதித்தார் என்று மட்டும் யாராலும் காட்ட முடியவில்லை. போலீஸ் அதிகாரி ஜாக்கோமே, அவர் சொன்னதை வேண்டுமென்றே மாற்றி வாசித்துக் காட்டிக் குழப்பப் பார்த்தார். பெர்னதெத் ஒவ்வொன்றாகத் திருத்தினார். அதிகாரிகள் குகையைப் பலகை அடித்து அடைத்தார்கள். மூன்றாம் நெப்போலியன் உத்தரவுக்குப் பிறகுதான் அது திறந்தது. வீட்டில் சாப்பாட்டுக்கே வழியில்லாத நிலையிலும், வந்தவர்கள் நீட்டிய காசை அவர் வாங்கவில்லை. பார்த்ததைச் சொல்வது தன் வேலை, நம்பவைப்பது இல்லை என்பதில் உறுதியாக இருந்தார்.

1862-ல் ஆயர் அந்தக் காட்சிகளை அங்கீகரித்தார். 1866-ல் பெர்னதெத் நெவேர் நகரில் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். லூர்துக்குத் திரும்பவே இல்லை. மடத்து நோயாளிகளைக் கவனித்துக்கொண்டார், பிறகு தானே படுக்கையில் விழுந்தார். உலகமே குணம் தேடி லூர்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, எலும்பைத் தின்ற காசநோயில் 1879 ஏப்ரல் 16 அன்று இறந்தார். வயது 35.

குணமானதாக 7,000-க்கும் மேற்பட்டோர் லூர்தில் பதிவு செய்திருக்கிறார்கள். திருச்சபை அற்புதம் என்று ஏற்றது 72-ஐ மட்டுமே. 1933-ல் பெர்னதெத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததும் காட்சி பார்த்ததற்காக அல்ல, வாழ்ந்த விதத்துக்காக. அந்தக் காட்சிகளை நம்பியே ஆக வேண்டும் என்று கத்தோலிக்கர்களுக்குக் கட்டாயமும் கிடையாது.

அழியாத உடல் என்று உங்கள் வாட்ஸ்அப்புக்கும் ஒரு படம் வந்திருக்கலாம். நெவேரில் கண்ணாடிப் பேழைக்குள் இருப்பது அவர் உடல்தான். நீங்கள் பார்க்கும் முகமும் கைகளும் மட்டும் மேலே பொருத்திய மெழுகு.