ஏப்ரல் 14இல் கண்மூடியவர்



வருடப்பிறப்பு வருகிற ஏப்ரல் 14ஆம் திகதியில்தான், 1964ஆம் ஆண்டு, ரேச்சல் கார்சன் அம்மையார் காலமானார். அவரைப் பற்றி எழுத எனக்கொரு காரணம் உண்டு.

ஊரில் எங்களுக்கு வெங்காயத் தோட்டம். அப்பா மருந்தடித்து முடிந்த வெறும் போத்தலை அம்மா கழுவி, மண்ணெண்ணெய் விட்டு வைப்பா. மூடியள் எங்களுக்கு விளையாட்டுச் சாமான். ஏ.எல். வரை படித்தும் அது பிழையென்று எனக்குத் தெரியாது.

ரேச்சல் 1907இல் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்து ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாயார் அவருக்குப் பறவைகளையும் காட்டையும் காட்டிக் கொடுத்தார். விலங்கியலில் பட்டம் பெற்று, அரசாங்க மீன்வளத் திணைக்களத்தில் வேலை செய்தார். 1951இல் கடலைப் பற்றி எழுதிய நூல் அவருக்குப் பெரும் புகழ் தந்தது. திருமணம் செய்யவில்லை. 1957இல் அக்காவின் மகள் இறந்துபோக, அவரின்ர 5 வயது மகனைத் தன் பிள்ளையாக எடுத்து வளர்த்தார்.

அந்தக் காலத்தில் டி.டி.ரி.யை விமானத்தாலும் கொட்டினார்கள். அதைப் பற்றி ஆராய்ந்து 1962இல் 'சைலன்ட் ஸ்பிரிங்' என்ற நூலை வெளியிட்டார். புளோரிடாவில் நடந்த ஒரு சம்பவம் அதில் வருகிறது. இரண்டு பிள்ளைகள் வெறும் பையொன்றைக் கண்டெடுத்து ஊஞ்சல் திருத்தினார்கள். இரண்டு பேரும் இறந்துபோனார்கள். கூட விளையாடிய மூவருக்கு வருத்தம் வந்தது. அது பரத்தியோன் என்ற பூச்சிமருந்து இருந்த பை. வருடப்பிறப்புக்கு ஊஞ்சல் கட்டுகிற எங்களுக்கு இதை வாசிக்க நெஞ்சு பதறும்.

இரசாயனக் கொம்பனிகள் அவரைத் தூற்றின. மார்புப் புற்றுநோயோடுதான் அவர் அந்த நூலை எழுதி முடித்தார் என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. 1963இல் ஜனாதிபதி கென்னடியின் விஞ்ஞானக் குழு அவரின்ர கருத்தை ஆதரித்தது. அடுத்த வருடம், 56 வயதில், கண்மூடினார். 1972இல் அமெரிக்கா டி.டி.ரி.யின் பாவனையைப் பெரும்பாலும் தடைசெய்தது.

ஒன்றை மறக்கக் கூடாது. டி.டி.ரி. அடித்துத்தான் இலங்கையில் மலேரியா 1963இல் 17 பேரளவுக்குக் குறைந்தது. அவரும் எல்லா மருந்தையும் நிறுத்தச் சொல்லவில்லை. கண்மூடித்தனமாக அடிப்பதைத்தான் எதிர்த்தார்.

பிள்ளைகளுக்கு ஏன் கூடிய ஆபத்து? உடம்பு சின்னன், மூளை வளருகிற வயது. நிலத்தில் தவழ்ந்த கையை வாயில் வைப்பினம். கேரளத்துக் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேலே 2000ஆம் ஆண்டு வரை எண்டோசல்பான் தெளித்தார்கள். அங்கே பிள்ளைகள் பட்ட பாடு உலகத்துக்கே தெரியும்.

இங்கே போர்கோ வெக்கியோவில், பக்டரி வேலை முடிந்து வந்து, நானும் கரப்பொத்தானுக்கு மருந்து அடித்தவன்தான், என்ர மகள் தவழுகிற அதே நிலத்தில். இப்ப அடிக்கிறதில்லை. சாப்பாட்டு மிச்சத்தை மூடி வைத்து, ஓட்டையளை அடைக்கிறேன்.

இந்த வருடப்பிறப்புக்கு ஊருக்கு ரெலிபோன் எடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கோ: வெறும் மருந்துப் போத்தலை வீட்டுக்குள் கொண்டு வர வேண்டாம். நான் அப்பாவுக்குச் சொல்லப் போறேன்.

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.