பரிசலை ஆராய்ந்த பேரறிஞர்

கடல் காணாத சேலம், நாமக்கல் பக்கத்தார்க்குக் கலம் என்றால் பரிசல்தான். மோகனூரில் பாலம் வருமுன், அக்கரை வாங்கலில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு நானும் பரிசலில் காவிரியைக் கடந்திருக்கிறேன். மூங்கில் பிளாச்சுகளைக் கூடையாக முடைந்து, அடியில் தார் பூசிய எளிய கலம் அது. அக்கூடையையும் ஆராயத்தக்க பொருளாக மதித்த ஓர் அறிஞர் உண்டென்பதை நூலகத்தில்தான் அறிந்தேன்.

ஜேம்ஸ் ஹார்னெல் 1865இல் பிறந்தவர், பிரிட்டிஷ் விலங்கியலார். மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பிகளை ஆராய 1902இல் இலங்கைக்கு வந்தார். பின்னர்ச் சென்னை மாகாண மீன்துறையில் சேர்ந்து, அதன் இயக்குநராக உயர்ந்து, 1924இல் ஓய்வு பெற்றார்.

முத்தும் சங்கும் அவரது அலுவல். மனமோ படகுகளில் கிடந்தது. கட்டுமரத்தின் மரங்களை எவ்வாறு பிணைக்கிறார்கள், மசூலாப் படகின் பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைப்பது ஏன் என்றெல்லாம் கரையிலேயே பார்த்து எழுதினார். தைத்த படகு அலை மோதும்போது வளைந்து கொடுக்கும். ஆணி அடித்தது பிளந்துவிடும். இக்குறிப்புகள் 1920இல் வங்காள ஆசியக் கழகத்தின் வெளியீடாக வந்தன. நம் கரைப் படகுகளில் சில பொலினீசிய மக்களின் தொடர்பால் வந்தவை என்றும் அதில் வாதிட்டார். அங்கே அவரது கற்பனை கரை கடந்துவிட்டது என்பேன். குறிப்புகளுக்கு அதனால் குறைவில்லை.

கல்வெட்டு நிற்கும், மரக்கலம் மக்கிவிடும். 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே அகப்பட்ட 9ஆம் நூற்றாண்டுக் கப்பலும் கயிற்றால் தைத்ததே. அத்தகைய பலகையின் துளைகளைக் கண்டு பொருள் சொல்ல, உயிரோடிருந்த தச்சரின் கைவேலையைப் பார்த்து எழுதியவர் வேண்டுமல்லவா?

நம் பரிசலைப் பற்றியும் தனிக் கட்டுரை எழுதினார். டைகிரிஸ் ஆற்றில் கீல் பூசிய கூடைப்படகு, வேல்ஸ் நாட்டில் தோல் போர்த்தது, காவிரியில் நம்முடையது என மூன்றும் அவர் எழுத்தில் ஒரே குடும்பத்தின் கிளைகளாகின்றன. 1946இல் நீர்வழிக் கலங்களின் தோற்றம் பற்றிய பெருநூலை வெளியிட்டு, 1949இல் மறைந்தார்.

இன்று காவிரியில் ஃபைபர் பரிசல்கள் வந்துவிட்டன. சென்ற விடுமுறையில், முன்னர்ப் பரிசல் முடைந்த முதியவர் ஒருவரைத் தேடிச் சென்று, எத்தனை பிளாச்சு, எங்கே முதல் முடிச்சு என்று கேட்டேன். அவருக்கு வாயால் சொல்ல வரவில்லை. விரல்கள் மட்டும் வெறுங்காற்றில் பின்னிக்கொண்டிருந்தன. அடுத்த முறை மூங்கிலோடு வரச் சொல்லியிருக்கிறார்.