கிரகோரியோ அக்லிப்பாய்

கிரகோரியோ அக்லிப்பாய் (1860 – செப்டம்பர் 1, 1940) பிலிப்பைன்ஸ் நாட்டைச் சேர்ந்த கிறித்தவ குருவும் விடுதலைப் போராளியும் ஆவார். உரோமைத் திருச்சபையிலிருந்து பிரிந்து 1902 ஆம் ஆண்டில் உருவான பிலிப்பைன்ஸ் சுயாதீனத் திருச்சபையின் முதல் தலைமை ஆயர் இவரே. அச்சபையினர் இவரது பெயரால் அக்லிப்பாயர் என்றும் அழைக்கப்படுகின்றனர்.

இளமை

லூசோன் தீவின் வடக்கே இலோக்கோஸ் நோர்த்தே மாகாணத்திலுள்ள பத்தாக் என்னும் ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து உறவினரிடம் வளர்ந்தார். அக்காலத்தில் புகையிலை வணிகம் ஸ்பானிய அரசின் தனியுரிமையாக இருந்தது. உழவர்கள் குறித்த அளவு புகையிலையை அரசுக்குத் தந்தே ஆகவேண்டும். அந்த அளவை நிறைவு செய்யாத குற்றத்திற்காக இளம் வயதில் இவர் கைது செய்யப்பட்டார். பின்னர் மணிலாவில் கல்வி கற்று, விகான் நகரக் குருமடத்தில் சேர்ந்து, 1889 இல் குருப்பட்டம் பெற்றார்.

புரட்சிக் காலம்

பெரும்பாலான பங்குகள் அந்நாளில் ஸ்பானியத் துறவிகளின் கையில் இருந்தன. உள்நாட்டுக் குருக்கள் பலர் வாழ்நாள் முழுதும் உதவிக் குருக்களாகவே இருந்தனர். இதை எதிர்த்துப் பேசிய புர்கோஸ் உள்ளிட்ட மூன்று குருக்கள் 1872 இல் கலகக் குற்றம் சாட்டப்பட்டு மணிலாவில் கொல்லப்பட்டனர். அக்லிப்பாயின் தலைமுறைக் குருக்கள் அதை மறக்கவில்லை.

1898 இல் புரட்சி அரசின் தலைவர் எமிலியோ அகினால்டோ இவரைப் படையின் தலைமைக் குருவாக நியமித்தார். இல்லாத அதிகாரத்தைக் கைக்கொண்டதாகக் கூறி, 1899 இல் மணிலாவின் ஸ்பானியப் பேராயர் இவரைச் சபையிலிருந்து விலக்கினார். அமெரிக்கப் படைகளுக்கு எதிராகத் தம் மாகாணத்தில் கரந்தடிப் போரை நடத்திய அக்லிப்பாய், 1901 இல் சரணடைந்தார்.

புதிய திருச்சபை

தொழிற்சங்கத் தலைவரும் எழுத்தாளருமான இசபெலோ தெ லோஸ் ரேயஸ் 1902 ஆகஸ்ட் 3 அன்று புதிய சபையை அறிவித்து, அக்லிப்பாயைத் தலைவராகவும் பெயரிட்டார். அக்லிப்பாயோ முதலில் தயங்கினார். சில வாரங்களுக்குப் பின்னரே பொறுப்பை ஏற்று, அவ்வாண்டு அக்டோபரில் மணிலாவின் தொண்டோ பகுதியில் திருப்பலி நிறைவேற்றினார். பல ஊர்களில் குருவும் மக்களும் கோயில் கட்டடத்தோடு புதிய சபைக்கு மாறினர்.

கட்டடங்கள் யாருக்குரியவை என்பதே பெரும் வழக்காயிற்று. லகோனோய் ஊர்க் கோயிலைக் குறித்த வழக்கில், கோயில் உரோமைத் திருச்சபைக்கே உரியது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் 1906 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஊர் மக்களின் உழைப்பால் கட்டப்பட்டது என்ற வாதம் எடுபடவில்லை. கோயில்களை இழந்த சபையினர் எளிய கொட்டகைகளில் வழிபட்டனர். பலர் பழைய சபைக்கே திரும்பினர். இவ்வழக்கைத் தொடுத்த ஹோர்ஹே பார்லின் அதே ஆண்டில்தான் ஆயரானார். கத்தோலிக்கத் திருச்சபையின் முதல் பிலிப்பினோ ஆயராகக் கருதப்படுபவர் அவரே. உள்நாட்டு ஆயர் வேண்டும் என்ற பழைய கோரிக்கை இவ்வாறு எதிர்த்தரப்பிலும் நிறைவேறியது விந்தையே.

பிற்காலம்

மூவொரு கடவுள் கோட்பாட்டை ஏற்காத ஒருமைவாதக் கருத்துகள் பின்னாளில் அக்லிப்பாயை ஈர்த்தன. சிற்றூர்களிலோ பழைய திருப்பலியும் புனிதர் பவனியும் மாறாது தொடர்ந்தன. 1935 குடியரசுத் தலைவர் தேர்தலில் மனுவேல் கேசோன் வெற்றி பெற, அகினால்டோ இரண்டாமிடத்தையும் அக்லிப்பாய் மூன்றாமிடத்தையும் பெற்றனர். குருக்களின் மணத்துறவை ஏற்காத சபையின் தலைவரான இவர் 1939 இல், முதுமையில், திருமணம் செய்துகொண்டார். மறு ஆண்டு மணிலாவில் காலமானார். இவரது கல்லறை பத்தாக்கில் உள்ளது.

இவரது சபை 1947 இல் மூவொரு கடவுள் நம்பிக்கையை மீண்டும் அறிக்கையிட்டது. மறு ஆண்டில் அமெரிக்க எப்பிஸ்கோப்பல் சபையின் ஆயர்கள் அதன் ஆயர்களுக்கு அருட்பொழிவு செய்தனர்.