சுத்தியல் சொன்ன உண்மை

பட்டறையிலே வியர்வை சிந்தி நிற்கும் தொழிலாளியைக் காட்டி, இவனுக்குக் கை மட்டும் போதும், கருத்து எதற்கு என்று கேட்போர் எல்லா நாட்டிலும் உண்டு. உடலுழைப்பு ஒருபுறம், அறிவு மறுபுறம் என்று அவர்கள் கோடு கிழிப்பார்கள். அந்தக் கோட்டை அழித்த ஒருவரின் வரலாற்றை இன்று நாம் எண்ணிப் பார்க்கிறோம். அவர் நாடாண்ட மன்னரல்லர். படை நடத்திய தளபதியுமல்லர். ஒரு மருத்துவர். பெயர் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன்.

1896-ல் மாஸ்கோவிலே பிறந்தார். தந்தை மனநோய் மருத்துவர். சிற்றப்பா புகழ்பெற்ற கணித மேதை. 1919-ல் மருத்துவப் படிப்பை முடித்த பெர்ன்ஸ்டைன், உள்நாட்டுப் போரிலே செஞ்சேனையின் மருத்துவராகப் பணியாற்றினார். போர் ஓய்ந்தது. 1922-ல் மாஸ்கோவின் மத்திய உழைப்பு ஆய்வு நிலையத்திலே சேர்ந்தார். அதை நிறுவியவர் கஸ்தேவ்; உலோகத் தொழிலாளியாக வாழ்ந்தவர், கவிஞர். தொழிலாளியின் அசைவுகளை அளந்து, சிறந்த அசைவு எதுவெனக் கண்டு, எல்லோரையும் அதன்படியே பழக்கிவிடலாம் என்பது அங்கே நிலவிய நம்பிக்கை. இயந்திரம் ஒரே மாதிரி இயங்குகிறதே, மனிதன் கை ஏன் இயங்காது என்று எண்ணினார்கள்.

பெர்ன்ஸ்டைன் எண்ணத்தோடு நிற்கவில்லை, பார்த்தார். உளியை வைத்துச் சுத்தியலால் இரும்பை வெட்டும் தேர்ந்த தொழிலாளியின் தோளிலும், முழங்கையிலும், மணிக்கட்டிலும், சுத்தியலிலும் சிறு மின்விளக்குகளைப் பொருத்தினார். படக்கருவியின் முன்னே துளையிட்ட வட்டத் தகடு ஒன்றைச் சுழலவிட்டார. கை போன வழியெல்லாம் ஒளிப்புள்ளிகளாகத் தகட்டிலே பதிந்தது.

பதிந்த படம் என்ன காட்டியது? ஓர் அடியைப் போல மறு அடி இல்லை! அதே ஆள், அதே சுத்தியல், அதே உளி. ஆனாலும் தோள் ஒருமுறை சற்று உயர்கிறது, ஒருமுறை தாழ்கிறது. முழங்கையின் வழியும் மாறுகிறது. சுத்தியலோ அந்த அளவுக்கு மாறவில்லை. குறி தவறாமல் உளியின் தலையிலே விழுகிறது. ஒரு மூட்டு விலகினால் மற்றொரு மூட்டு அந்த விலகலை ஈடு செய்கிறது. இயந்திரமா இப்படிச் செய்யும்?

காரணத்தையும் தேடிக் கண்டார். தோளும் முழங்கையும் மணிக்கட்டும் பல திசைகளிலே திரும்பக்கூடியவை. களைப்பு வரும், வேகம் மாறும், சுத்தியலின் பாரம் கையை இழுக்கும். மூளை ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப அனுப்பினால் அடி ஒரே இடத்தில் விழாது. ஆகவே கை எங்கே இருக்கிறது என்ற செய்தி நரம்புகளின் வழியே மூளைக்கு ஓயாமல் போகிறது. மூளை ஓயாமல் திருத்துகிறது.

புதிதாகப் பட்டறைக்கு வந்த பையனைப் பாருங்கள். கையை விறைப்பாக்கிக்கொண்டு அடிக்கிறான். கண்ணை உளியின் தலையை விட்டு எடுக்க அஞ்சுகிறான். மூட்டுகள் பலவற்றை ஒருங்கே ஆளத் தெரியாமல், சிலவற்றைப் பூட்டி வைக்கிறான். நாள் செல்லச் செல்லப் பூட்டு திறக்கிறது. சுத்தியலின் பாரமே அவனுக்குத் துணையாகிறது. திருத்தும் வேலையை மூளையின் கீழ்நிலைகள் ஏற்றுக்கொள்ள, அவன் கண் உளியின் கூர்முனைக்குப் போகிறது. பயிற்சி என்பது ஒரே அசைவை ஆயிரம் முறை செய்வதன்று; ஒரே சிக்கலை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்ப்பது. இதுதான் பெர்ன்ஸ்டைன் கண்ட உண்மை.

இந்தக் கருத்து, அந்நாளில் பெரும்புகழோடு விளங்கிய பாவ்லாவின் கோட்பாட்டோடு மோதியது. பாவ்லாவை மறுத்து பெர்ன்ஸ்டைன் ஒரு நூல் எழுதினார். அது அச்சுக்குப் போயிருந்த வேளையிலே, 1936-ல் பாவ்லாவ் மறைந்தார். பதில் சொல்ல முடியாதவரோடு வாதாடுவது முறையல்ல என்று கருதி, தம் நூலைத் தாமே நிறுத்திக்கொண்டார். எத்தனை பேருக்கு வரும் இந்தப் பண்பு!

1947-ல் அசைவுகளின் அமைப்புப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. 1948-ல் ஸ்டாலின் பரிசு கிடைத்தது. ஆனால் ஈராண்டிலே காற்று திசை மாறியது. பாவ்லாவுக்கு எதிரானவர் என்று பழி சுமத்தினார்கள், ஆய்வுக்கூடம் பறிபோனது. மறைந்தவரைத் தாக்க மறுத்த மனிதரை, அந்த மறைந்தவரின் பெயராலேயே தாக்கினார்கள்!

அவர் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. வீட்டிலிருந்தபடியே படித்தார், எழுதினார், தேடிவந்த இளைஞர்களுக்கு வழிகாட்டினார். 1966-ல் மறைந்தார். மறு ஆண்டே அவர் கட்டுரைகள் ஆங்கிலத்தில் வெளிவந்தன. கைத்திறன் பற்றி எளிய வாசகருக்காக எழுதிய நூல், அவர் மறைந்து 25 ஆண்டுகள் கழித்து, 1991-லே அச்சேறியது. அசைவை ஆராய்வோர் இன்று அவரை முன்னோடி என்று போற்றுகிறார்கள்.

பழி சுமத்தியோரின் பெயர்களை இன்று தேடினால்தான் கிடைக்கும். உழைப்பவன் கையிலே அறிவு குடியிருக்கிறது என்று காட்டியவரின் பெயரோ, தேடாமலே முன்வந்து நிற்கிறது. நாளைக் காலை பட்டறையிலே சுத்தியலை எடுக்கும்போது அந்தப் பெயரை ஒருமுறை நினைப்போம்.