சுவரைப் பெயர்த்த நாயும் ஒரு விஞ்ஞானியும்!

மணியோசை கேட்டால் நாய்க்கு எச்சில் ஊறும். இந்தச் சோதனையை அண்ணன், அக்காவின் பாடப் புத்தகத்தில் நீங்கள் பார்த்திருக்கலாம். அதைச் செய்தவர், ரஷ்ய விஞ்ஞானி இவான் பெத்ரோவிச் பாவ்லோவ். உண்மையில், அவர் மணியைப் பயன்படுத்தியது குறைவுதான். டிக் டிக் என்று தாளம் போடும் மெட்ரோனோம் கருவி, மின்சார பஸ்ஸர், விளக்கு என்று பலவற்றை வைத்துச் சோதித்தார். ஏனோ தெரியவில்லை, மணி மட்டும் உலகப் புகழ் பெற்றுவிட்டது!

அந்த நாய்கள் எல்லாம் அறுவை சிகிச்சை செய்துகொண்ட நாய்கள். மயக்கத்திலிருந்து எழுந்து, புண் ஆறி, நன்றாகச் சாப்பிட்டு, வாலாட்டத் தொடங்கிய பிறகுதான் பாவ்லோவின் சோதனையே ஆரம்பமாகும். அந்தக் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

பாவ்லோவ், 1849 செப்டம்பர் 26ல், ரஷ்யாவின் ரியாஸான் நகரில் பிறந்தார். அப்பா பாதிரியார். வீட்டில் நிறையக் குழந்தைகள், இவர்தான் மூத்தவர். ஏழெட்டு வயது இருக்கும்போது, உயரமான ஓர் இடத்திலிருந்து கல் தரையில் விழுந்துவிட்டார். பலத்த அடி! மாதக் கணக்கில் உடம்பு தேறவே இல்லை. மடாலயத் தலைவராக இருந்த அவருடைய ஞானத்தந்தை, சிறுவனைத் தன்னோடு அழைத்துப் போய் வைத்துக்கொண்டார். நல்ல சாப்பாடு, தோட்ட வேலை, உடற்பயிற்சி, படிக்கக் கதைப் புத்தகம் என்று மெல்ல மெல்லத் தேற்றினார். இதனால், பாவ்லோவ் பள்ளிக்கூடம் போனபோது வயது 11!

அப்பாவைப் போலவே பாதிரியார் ஆவதற்குத்தான் படித்தார். ஆனால், அறிவியல் புத்தகங்கள் அவரை வேறு பக்கம் இழுத்தன. 1870ல், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே இலியா சியோன் என்ற பேராசிரியரிடம் அறுவை சிகிச்சை கற்றார். பாவ்லோவுக்கு இடது கைப் பழக்கம். ஆனால், வலது கையாலும் அதே வேகத்தில் கத்தியைப் பிடிப்பார். இரண்டு கையும் ஒன்றுபோல் வேலை செய்யும்!

பட்டம் பெற்றதும், கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் இரண்டு ஆண்டுகள் உதவியாளராக வேலை பார்த்தார். பிறகு, போட்கின் என்ற பெரிய டாக்டரின் ஆய்வுக்கூடம். 1881ல், செராஃபிமா என்ற ஆசிரியையைத் திருமணம் செய்துகொண்டார். வருமானம் போதவில்லை. முதல் குழந்தையைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தார்கள். அவர் படும் பாட்டைப் பார்த்து, நண்பர்கள் ஒரு வேலை செய்தார்கள். நேராகக் கொடுத்தால் வாங்க மாட்டாரே! அதனால், சொற்பொழிவு நடத்தக் கட்டணம் என்று சொல்லி, பணம் வசூலித்துக் கொடுத்தார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? மொத்தப் பணத்தையும், சொற்பொழிவில் காட்ட வேண்டிய விலங்குகளை வாங்கச் செலவழித்துவிட்டார்! செராஃபிமா அன்றைக்கு என்ன நினைத்திருப்பாரோ, பாவம்.

சரி, நாய்களை வைத்து அப்படி என்னதான் ஆராய்ந்தார்? நாம் சாப்பிடும் சோறு வயிற்றுக்குள் என்ன ஆகிறது என்பதைத்தான். அந்தக் காலத்தில் இதைக் கண்டுபிடிக்க, உயிருள்ள விலங்கை மேஜையில் கட்டி, வயிற்றைத் திறந்து பார்ப்பார்கள். சோதனை முடிவதற்குள் அது இறந்துபோகும். இது கொடுமை என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அதில் தெரியும் விடையும் தப்பு! வலியிலும் பயத்திலும் துடிக்கும் நாயின் வயிறு, சாதாரணமாக வேலை செய்யுமா? பயத்தில் நமக்கே வாய் உலர்ந்து போகிறதே! ஜீரண நீர் சுரப்பது நின்றுவிடும்.

பாவ்லோவ் வேறு வழி யோசித்தார். நாயை மயக்கி, வலி தெரியாமல் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். வயிற்றிலிருந்து வெளியே ஒரு சின்னக் குழாய் வைக்க வேண்டும். புண் ஆறி, நாய் பழையபடி ஓடி ஆடும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு சாப்பாடு கொடுத்துவிட்டு, குழாயில் சொட்டும் ஜீரண நீரை அளந்தால் போதும்.

சொல்ல எளிதுதான். மனிதர்களுக்கே மயக்க மருந்து புதிது! ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எல்லாரும் பார்க்கச் செய்து காட்டியது 1846ல்தான். மறு ஆண்டே குளோரோஃபார்ம் வந்தது. கிருமிகளைக் கொல்லும் மருந்து தடவி அறுவை சிகிச்சை செய்யும் முறையை, பிரிட்டனின் லிஸ்டர் 1867ல் வெளியிட்டார். மயக்கம் தெளிந்து எழுந்த நாயும், புண்ணில் சீழ் பிடித்தால் சில நாளில் இறந்துவிடும். பாவ்லோவிடம் முதலில் இருந்த இடமோ வசதி இல்லாதது. நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன.

பிழைத்த நாய்களுக்கும் ஒரு தொல்லை. கணைய நீர் தெரியுமா? நாம் சாப்பிடும் புரதம், கொழுப்பு எல்லாவற்றையும் கரைக்கும் ஜீரண நீர் அது. அதை வெளியே கொண்டுவர ஓர் ஓட்டை போட்டால், சொட்டுகிற நீர் நாயின் வயிற்றுத் தோலையே அரிக்கத் தொடங்கிவிடும்! தோல் சிவந்து, புண்ணாகி, எரியும்.

அப்படி ஒரு நாய், ஆய்வுக்கூடத்தில் கட்டிப் போடப்பட்டிருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வாரம் போல் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால், சுவரின் பூச்சு பெயர்ந்து, நாயின் பக்கத்தில் காரைக் குவியல்! சாதுவான நாய் இப்படிச் செய்துவிட்டதே என்று எல்லாருக்கும் எரிச்சல். அதை அறையின் வேறு மூலையில் கட்டினார்கள். மறுநாள் காலை, அந்தப் பக்கச் சுவரும் காலி!

அப்போதுதான் கவனித்தார்கள். நாயின் வயிறு ஈரமில்லாமல் காய்ந்திருந்தது. புண்ணும் ஆறத் தொடங்கியிருந்தது. அந்த நாய், உதிர்த்த காரையைப் படுக்கையாக்கி, அதன்மேல் வயிறு படும்படி படுத்திருந்தது! சொட்டிய நீரை எல்லாம் காரை உறிஞ்சிக்கொண்டது. பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களுக்குத் தோன்றாத வைத்தியம், வலியில் இருந்த நாய்க்குத் தோன்றிவிட்டது.

உடனே அதற்கு மணலில் படுக்கை அமைத்தார்கள். அதற்குப் பிறகு அது சுவர்ப் பக்கமே போகவில்லை. இந்தச் சம்பவத்தைப் பாவ்லோவ் மறைக்கவில்லை. 1897ல் வெளிவந்த தன் புகழ் பெற்ற புத்தகத்தில் விவரமாக எழுதி, அந்த நாய் தங்களுக்கும் உதவி செய்தது என்று நன்றியோடு ஒப்புக்கொண்டார்.

1891ல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் புதிதாகத் தொடங்கிய பரிசோதனை மருத்துவக் கழகத்தில், அவருக்கு ஒரு துறையே கிடைத்தது. 1893ல், ஒரு பணக்காரர் அந்தக் கழகத்துக்கு 10,000 ரூபிள் நன்கொடை கொடுத்தார். அதைக் கொண்டு பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாடிக் கட்டடம் எழுந்தது. அந்தப் பணக்காரர் யார் தெரியுமா? ஆல்ஃபிரட் நோபல்! அவர் பெயரிலான பரிசு அப்போது தொடங்கப்படவே இல்லை.

அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில், நாய்களுக்கென்றே ஓர் அறுவை சிகிச்சைப் பிரிவு. முதல் அறையில் நாயைக் குளிப்பாட்டித் துவட்டுவார்கள். இரண்டாவது அறையில் மயக்க மருந்து. வயிற்று முடியை மழித்துக் கழுவுவார்கள். மூன்றாவது அறை, கருவிகளைக் கிருமி நீக்கவும், டாக்டர்கள் கை கழுவவும். நான்காவதுதான், வெளிச்சம் நிறைந்த அறுவை சிகிச்சை அறை. நாயைத் தூக்கி வரும் பணியாளர்கள் இரண்டாவது அறையைத் தாண்டக் கூடாது! நம்மூர் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்களே, அதைவிடக் கண்டிப்பு.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்து வரும் பகுதிதான். நடுவே ஒரு சுவர். அதற்கு அந்தப் பக்கம், அறுவை சிகிச்சை முடிந்த நாய்கள் தேறுவதற்கான தனித்தனி அறைகள்! முதல் பத்து நாள் வாக்கில் அங்கேதான் இருக்கும். ஒவ்வொன்றும் நம் வீட்டுக் குளியலறையைவிடக் கொஞ்சம் பெரிது. பெரிய ஜன்னல், மின்விளக்கு, ரஷ்யக் குளிருக்கு இதமாக வெதுவெதுப்பான காற்று வரும் வசதி. தரை சிமென்ட். சுவரோரம் துளைகள் போட்ட ஈயக் குழாய் ஓடும். வெளியே தாழ்வாரத்தில் திருகினால் போதும், தண்ணீர் பாய்ந்து தரை சுத்தமாகிவிடும். தூங்கும் நாயைத் தொந்தரவு செய்து உள்ளே போக வேண்டியதில்லை.

இத்தனை ஏற்பாடு எதற்கு? மயக்கம் தெளியும் நேரம்தான் ஆபத்தானது, குட்டீஸ். நாயின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், நம்மைவிட அதிகம். மயக்க மருந்து, அந்த வெப்பத்தைக் காக்கும் மூளைப் பகுதியையும் தூங்க வைத்துவிடும். முடி மழித்து, ஈரமான வயிற்றோடு கிடக்கும் நாய்க்கு உடம்பு சில்லிட்டுப் போகும். குட்டியாக இருந்தால் இன்னும் சீக்கிரம். அதனால்தான், இன்றைக்கும் கால்நடை டாக்டர்கள் போர்வை போர்த்துகிறார்கள். வெந்நீர்ப் பை வைத்தாலும் துணி சுற்றித்தான் வைப்பார்கள். சுட்டால் நகர்ந்துகொள்ள, மயங்கிக் கிடக்கும் நாயால் முடியாதே! நாக்கை வெளியே இழுத்து விட்டு, கழுத்தை நீட்டிப் படுக்க வைப்பார்கள். மூச்சு அடைக்காமல் இருக்க. முழுதாகத் தெளியும் முன் தண்ணீர் ஊற்றினால், அது நுரையீரலுக்குள் போய்விடும். பாசத்தில் முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சவும் கூடாது. அரை மயக்கத்தில் எஜமானரைக்கூட அடையாளம் தெரியாமல் கடித்துவிடலாம். குளோரோஃபார்ம் இதயத்துக்கு ஆபத்து என்பதால், இப்போது ஐசோஃப்ளூரேன் போன்ற மருந்துகளைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் வெதுவெதுப்பு, அமைதி, சுத்தம், பக்கத்தில் கவனிக்க ஓர் ஆள் - இதெல்லாம் மாறவில்லை.

புதிய கட்டடம் வந்ததும் பலன் தெரிந்தது. 1894ல், துருஷோக் என்ற நாய்க்கு மிகச் சிக்கலான அறுவை சிகிச்சை நடந்தது. வயிற்றின் ஒரு பகுதியை மட்டும், நரம்பு அறுபடாமல் பிரித்து, 'குட்டி வயிறு' ஒன்றை உண்டாக்கினார். இதற்கு முன் முயன்றபோதெல்லாம் நாய்கள் இறந்துபோயின. துருஷோக் பிழைத்தது! ரஷ்ய மொழியில் அந்தப் பெயருக்கு, குட்டி நண்பன் என்று பொருள். ரொட்டிக்கு எவ்வளவு நீர் சுரக்கும், பாலுக்கு எவ்வளவு, இறைச்சிக்கு எவ்வளவு என்று அந்த நண்பன்தான் உலகத்துக்குச் சொன்னது. 1904ல், பாவ்லோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ரஷ்யாவுக்குக் கிடைத்த முதல் நோபல் அது.

எல்லாரும் பாராட்டினார்களா? இல்லை. அந்த நாய்கள் நோயாளிகள் அல்ல, நலமாக இருந்தவை. அவற்றின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. ரஷ்யாவின் விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தினர் கடுமையாக எதிர்த்தனர். மனித நோய்களைத் தீர்க்க வேறு வழி இல்லை என்று பாவ்லோவ் பதில் சொன்னார். ஆனாலும், உயிருள்ள விலங்கை அறுக்கும்போது, அற்புதமான ஒன்றை முரட்டுக் கையால் நொறுக்குகிறோமே என்று தன் மனமே குத்துவதாகவும் எழுதினார். இன்று அவர் செய்த எல்லாவற்றையும் செய்ய அனுமதி கிடைக்காது. விலங்குச் சோதனைக்குப் பல நாடுகளில் சட்டமும் கண்காணிப்புக் குழுவும் உண்டு.

மயக்க மருந்து பற்றி இன்னொரு வேடிக்கை. மார்ஃபின் ஊசி போட்டால் நாய்க்கு எச்சில் ஊறும், வாந்தி வரும், பிறகு தூங்கிவிடும். ஒரு டாக்டர், சில நாய்களுக்குத் தினமும் இந்த ஊசியைப் போட்டு வந்தார். ஐந்தாறு நாட்களுக்குப் பிறகு, ஊசி போடத் தயாராவதைப் பார்த்ததுமே நாய்களுக்கு எச்சில் ஊறி, வாந்தி வந்து, தூக்கமும் வந்துவிட்டது! மருந்து உள்ளே போகவே இல்லை! இதையும் பாவ்லோவ் தன் புத்தகத்தில் குறித்திருக்கிறார். கால்நடை மருத்துவமனை வாசலிலேயே உங்கள் ஜிம்மி நடுங்குகிறது என்றால், காரணம் புரிகிறதா?

புரட்சிக்குப் பின் வந்த பஞ்சத்தில் மனிதர்களுக்கே ரொட்டி இல்லை; ஆய்வுக்கூட நாய்கள் பட்டினியால் இறந்தன. பாவ்லோவ் தானே மண்வெட்டி எடுத்துக் காய்கறி பயிரிட்டார். 1924 செப்டம்பரில், நகரில் பெரும் வெள்ளம். கூண்டுகளுக்குள் தண்ணீர் ஏறியது. கூண்டுக் கதவுகளோ கீழே இருந்தன! நாய்கள் மேலே மூக்கை நீட்டி நீந்திக்கொண்டிருந்தன. பணியாளர்கள் ஒவ்வொன்றையும் தண்ணீருக்குள் அமுக்கி, கதவு வழியாக இழுத்துக் காப்பாற்றினார்கள். உடம்பில் காயம் இல்லை. ஆனால், கற்றது எல்லாம் சில நாய்களுக்கு மறந்தே போய்விட்டது! தேறுவதற்குப் பல நாட்கள் ஆயின. பிறகு ஒருநாள், கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டதும் பழைய பயம் திரும்பிவிட்டது. மனத்தின் புண்ணும் ஆற நாளாகும் என்று அதிலிருந்து கற்றுக்கொண்டார் பாவ்லோவ்.

1936 பிப்ரவரி 27ல் அவர் காலமானார். வயது 86. அதற்கு முந்தைய ஆண்டு, அவர் விருப்பப்படியே ஆய்வுக்கழகத் தோட்டத்தில் நாய்க்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. உயரமான பீடத்தின்மேல் ஒரு நாய் உட்கார்ந்திருக்கும். பீடத்தைச் சுற்றிலும் ஆய்வுக்கூடக் காட்சிகள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்று, சுவர்ப் பூச்சைப் பெயர்த்துப் படுக்கை செய்துகொண்ட அந்த நாயின் கதை.